காப்புக் கட்டிய ஊரில் ரீஸ்லிங்

போன வாரம் அருப்புக்கோட்டை பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்தேன். குப்பென்று வாடை ஏறியது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எனக்கு எச்சில் ஊறியது. சிரிக்காதீர்கள். நன்றாக வயசான ரீஸ்லிங் ஒயினில் இந்த வாடைதான் லேசாக அடிக்கும். எச்சில் ஊறிய அடுத்த நொடியே கிரிதரன் முகமும் ஞாபகத்துக்கு வந்து வயிறு எரிய ஆரம்பித்தது. வருசம் பத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம் பரளச்சிக்காரன். கேட்டரிங் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் தட்டு எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒயினுக்கென்று தனிப் பிரிவு. அதற்குத் தலைவர் கிரிதரன். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று விருந்தாளிக்குச் சொல்கிற வேலை, கோட்டும் சூட்டுமாக. அந்தப் பிரிவில் நுழைந்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஆசை. மாதம் ஒருமுறை கிரிதரன் எங்களை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்து, என்ன வாடை என்று கேட்பார். பூ என்றான் ஒருவன், ஆப்பிள் என்றான் இன்னொருவன். என் முறை வந்தபோது, “எங்க கிணத்து ஆயில் எஞ்சின் வாடை சார்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தார். கிளாஸில் இருந்தது வயசான ரீஸ்லிங், நான் சொன்னது சரி என்பது பிறகு புத்தகத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

ரீஸ்லிங் வெள்ளை ஒயின். கழுத்து நீண்ட பாட்டில், எலுமிச்சைப் புளிப்பு, அதன் பின்னாலேயே கொஞ்சம் இனிப்பு. ஒருமுறை லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது அம்மா தூக்குவாளி நிறையக் கருவாட்டுக் குழம்பு கொடுத்துவிட்டாள். சீலாக் கருவாடு, கத்தரிக்காய், மொச்சை, பழைய புளி எல்லாம் போட்டு முதல் நாளே வைத்து மறுநாள் சுண்ட வைத்த குழம்பு. எங்கள் ஊர்க் காரம் உங்களுக்குத் தெரியாது, காது மடல் சூடாகிவிடும். ஹோட்டல் விடுதியில் சோற்றில் பிசைந்து நாலு வாய் வைத்தேன், கண்ணில் தண்ணீர். பக்கத்தில் ருசி பார்க்கக் கொடுத்த ரீஸ்லிங் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, தண்ணீருக்குப் பதில் அதை எடுத்துக் குடித்தேன். காரம் அடங்கியது, ஆனால் குழம்பு அடங்கவில்லை. புளியும் அந்தப் புளிப்பும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. தனியாக உட்கார்ந்து பைத்தியக்காரன் மாதிரி சிரித்தேன்.

மறுநாள் ஓடிப்போய்க் கிரிதரனிடம் சொன்னேன். மிச்சக் குழம்பையும் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார், ஒரு மடக்குக் குடித்தார். பிறகு சமையல்கட்டு முழுவதும் கேட்கும்படி, “கருவாட்டுக்கு ஒயினாம்! குடிக்க நல்ல தண்ணி இல்லாத ஊர்ல இருந்து வந்துட்டு எனக்குப் பாடம் எடுக்கிறான்” என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சிரித்தவர்கள் பெயர் இன்றைக்கும் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டே மாதத்தில் புது மெனு வந்தது. ‘வீட்டுச் சாப்பாடும் ரீஸ்லிங்கும்’ என்று தலைப்பு, கீழே கிரிதரனின் கண்டுபிடிப்பு என்று கொட்டை எழுத்து. முதல் வரியிலேயே கருவாட்டுக் குழம்பு. ஒயின் பிரிவில் காலியான இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு என்னிடம், “உனக்கு இன்னும் மூக்கு வரலப்பா” என்றார். ஆயில் எஞ்சின் வாடையைக் கண்டுபிடித்த மூக்கைப் பார்த்துச் சொன்னார்!

அதோடு விட்டிருந்தால்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். முதலாளிகளுக்குப் போட்டுக் காட்ட ஒரு படம் எடுக்கப்போவதாகவும், கிராமத்து அடுப்பு, கிராமத்து அம்மா, பக்கத்தில் ரீஸ்லிங்கோடு அவர் என்றும் சொல்லி, “உங்க வீட்டுலயே எடுக்கலாம், எப்ப போகலாம்?” என்று தோளில் கை போட்டார். அந்தக் கை தோளில் இருக்கும்போதே எனக்கு யோசனை வந்துவிட்டது.

பங்குனியில் மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு எங்கள் ஊரில் கவுச்சி கிடையாது. கருவாட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். குடிக்கிற பாட்டில் எதையும் ஊருக்குள் திறக்கக்கூடாது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“காப்பு என்னைக்கும்மா கட்டுறாக?”

“செவ்வாக்கெழமடா. எதுக்குக் கேக்குற?”

“சும்மாதான்.”

கிரிதரனிடம் புதன்கிழமை போகலாம் என்றேன். நல்ல நாள் என்று வேறு சொன்னேன்.

காரில் கிரிதரன், நான், கேமராக்காரர் ஒருவர், பெட்டியில் பன்னிரண்டு பாட்டில் ரீஸ்லிங். காரியாபட்டியில் டீ குடித்தபோதுதான் படம் எடுக்க வருகிற விசயத்தை அம்மாவுக்குப் போனில் சொன்னேன். அவள் பதறி, “ஏலே, நேத்துத்தானடா காப்புக் கட்டுனாக!” என்று கத்தி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டேன். அருப்புக்கோட்டையில் வாங்கிப் போட்ட ஐஸ் ஊர் போய்ச் சேருவதற்குள் வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது. பங்குனி வெயில் என் பக்கம் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா இலை போட்டாள். கம்பஞ்சோறு, தட்டாம்பயற்றுக் குழம்பு, மோர் மிளகாய். கிரிதரன் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“கருவாடு எங்கப்பா?”

“காப்புக் கட்டியிருக்காக சார்” என்றேன், முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு. அந்த முகத்தை வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருந்தேன்.

சரி, இதோடாவது படம் எடுப்போம் என்று பாட்டிலையும் தக்கை எடுக்கிற திருகியையும் எடுத்தார். அந்த வருசம் கோயில் காரியம் பார்த்த எங்கள் பெரியப்பா வாசலில் வந்து நின்றார். “அய்யா, கோவிச்சுக்கிறாதீக. பொங்கல் முடியுற வரைக்கும் ஊருக்குள்ள பாட்டிலு தொறக்கக் கூடாது. சாமி குத்தமாயிரும்.” அவருக்குப் பின்னால் இருபது பேர். கிரிதரனின் கை பாட்டில் கழுத்திலேயே நின்றது. அன்றைக்கு அந்தக் கையைப் பார்த்து நான் அடைந்த சந்தோசத்தை என் கல்யாணத்தன்றுகூட அடைந்ததில்லை. என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

“இதுக்கா பெங்களூர்ல இருந்து வந்தோம்?” என்று இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அம்மா பதறிப்போய் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். “மன்னிச்சுக்கிருங்கய்யா, இன்னொரு நாளைக்கு வாங்க, நல்லா செஞ்சு போடுறேன்” என்றாள். அவர் ஷூவை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். பிறகு அந்தப் படம் நின்றது, மெனுவும் கொஞ்ச நாளில் நின்றது. என்னைக் கல்யாண மண்டபச் சாப்பாட்டுப் பக்கம் தள்ளிவிட்டார். நான் வேலையை விட்டுவிட்டுக் கொச்சிக்குப் போய் அங்கே ஒயின் பிரிவில் கோட்டுப் போட்டேன். எல்லாம் எனக்கு லாபம்தான்.

ஆனால் அன்றைக்குக் கார் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“தேதி கேட்டது நீதானடா.”

நான் விரித்திருந்த பாயைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“என் வீட்டு எலையில சோத்த வச்சுட்டு ஒருத்தரும் எந்திரிச்சதில்ல. அந்தாளுகிட்ட நான் கையெடுத்துக் கும்பிட்டேன்லடா. ஒம் பழியத் தீக்க என் அடுப்புதான் கெடச்சுச்சா?”

அவன் என்ன செய்தான் தெரியுமா என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன், அவள் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பொங்கல் முடிந்து, கிடாய் வெட்டி, ஊரெல்லாம் கவுச்சி மணத்தது. எங்கள் வீட்டில் பருப்பு. தீபாவளிக்குப் போனேன், தட்டாம்பயறு. கொச்சியிலிருந்து சீலாக் கருவாடே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அதைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு எனக்கு ரசம் வைத்தாள். நான் இல்லாத நாளில் அவள் கருவாடு சமைக்கிறாள் என்பது அக்கம்பக்கம் சொல்லித் தெரியும். ஒருமுறை கெஞ்சியே பார்த்தேன்.

“ஒனக்கு இன்னும் காப்பு எறங்கலடா” என்றாள், சிரிக்காமல்.

கிரிதரன் என் கண்டுபிடிப்பைத்தான் எடுத்துக்கொண்டார், குழம்பை என்னிடமிருந்து பறித்தது நானேதான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது, அப்போதும் அந்த ஆள் மேல் கோபம் குறையவில்லை. போன ஐப்பசியில் அம்மா இறந்துவிட்டாள். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தேன். புளி எவ்வளவு, மொச்சையை எப்போது போடுவது என்று கேட்டுவிடலாம் என்று தினமும் வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு இந்தக் குணம் வேறு யாரிடமிருந்து வந்திருக்கும்?