இடப்பக்கம் திருப்பினால் அலறிய ஹாரன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் வளைவில் ஹாரன் அடித்தால், ரோட்டில் போகிறவர்கள் ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். தலைத்துண்டு கைக்கு வரும், குடை மடங்கும். யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. பெரிய கிளாக்கர் பழைய கார் ஒன்று வாங்கியதும் தனக்கும் அதே மரியாதை வேண்டுமென்று நினைத்தார். ஐப்பசி மழையில் குடையை மடக்காமல் நின்ற என் அப்பாவைக் கானுக்குள் இறக்கி, குடையை மடக்கச் சொல்லி, நனைய விட்டுப் போனார். தீபாவளிக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. நான் நாட்களை மறப்பதில்லை.

அடுத்த பங்குனியில் அந்தக் கார் தானாக அலற ஆரம்பித்தது. எழுபதுகளின் முற்பகுதி அது. இடப்பக்கம் முழுதாக ஒடிக்க வேண்டிய துரை பங்களா வளைவில் மட்டும் தவறாமல் அலறும். பங்களா சமையற்காரர் இரண்டு தடவை கேட்டைத் திறக்க ஓடி வந்தார். அடுத்த தடவை துரையே வெளியே வந்து, "யாரைக் கூப்பிடுறே?" என்று கேட்டார். கிளாக்கருக்கு உடனே ஒரு பதில் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காரைக் கழுவியவன் என் தம்பி. அவன்தான் வயரில் கை வைத்துவிட்டான் என்றார். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, தம்பியின் பெயரை வாசிக்கவில்லை. பெயர் போனால் வேலை போகும், பிறகு தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போகும்.

நான் அப்போது பதுளையில் மோட்டார் வயரிங் கடையொன்றில் வேலை செய்தேன். காரைப் பார்க்க ஆள் கேட்டுக் கிளாக்கர் சொல்லியனுப்பியதும், "நான் போறேன் நானா," என்று, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளியிடம் கேட்டு வாங்கினேன்.

"போ. வயரைத்தான் கடிக்கணும், ஆளைக் கடிச்சிராத," என்றார் அவர்.

என்னைக் கண்டதும் கிளாக்கரின் முகம் சுருங்கியது. "வேற ஆள் இல்லியாடா கடையில?"

"இல்லீங்க. பெரட்டுக் களத்துக்குக் காரைக் கொண்டாங்கய்யா. இங்க மேடு, சரியாத் தெரியாது."

அது பொய். மேட்டிலும் நன்றாகவே தெரியும்.

களத்தில் காலைப் பெரட்டு இன்னும் கலையவில்லை. துரையும் நின்றிருந்தார். கிளாக்கரையே ஸ்டீயரிங்கில் உட்காரச் சொன்னேன். வலப்பக்கம் திருப்பினார், சத்தமில்லை. இடப்பக்கம் திருப்பினார். கார் அலறியது.

முன்வரிசையில் நின்ற கொழுந்துக்காரி ஒருத்தி சட்டென்று கானுக்குள் இறங்கினாள். "ஒதுங்குங்கடி, ஐயா வர்றாரு." அவள் பின்னால் வரிசையே இறங்கியது. ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

ஸ்டீயரிங் தண்டுக்குள் போகும் ஹாரன் வயர்தான் எங்கோ இரும்பில் படுகிறது என்று முதல் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னொருவாட்டிங்கய்யா. சரியாக் கேக்கல."

திருப்பினார். அலறியது. அவர் காது சிவந்து போயிருந்தது. போதும் என்று எனக்குத் தோன்றும்வரை திருப்ப வைத்தேன். பிறகு வயரை உருவித் துரையிடம் நீட்டினேன். கத்தி பட்டிருந்தால் வெட்டு நேராக இருக்கும். இதில் மேலுறை விரல் நீளத்துக்குத் தேய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது. பல வருஷம் உரசினால்தான் அப்படி ஆகும்.

துரை வயரைத் தடவிப் பார்த்தார். "பையன் பேர் போடு," என்றார் கிளாக்கரிடம். தம்பியின் பெயரைக் கிளாக்கரே எல்லோருக்கும் கேட்க வாசித்தார்.

துரை போன பிறகு, "இதைச் சரி பண்ணிக் குடு," என்றார் கிளாக்கர் என்னிடம். குரல் இறங்கியிருந்தது.

"புது வயர் இப்ப எங்கேங்க கிடைக்குது? கப்பல் வரணும்."

அது உண்மை. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். ஆனால் தேய்ந்த இடத்தில் நாலு சுற்றுச் சுற்ற என் பைக்குள் டேப் இருந்தது. நான் பையைத் திறக்கவில்லை. ஹாரன் வயரை வெட்டி முடிச்சுப் போட்டேன். "இனி தானா அடிக்காதுங்க. நீங்க அடிச்சாலும் அடிக்காது."

துரை முன்னால் மறுபடி அலறிவிடுமோ என்ற பயத்தில் கிளாக்கர் வேறு கடைக்கும் போகவில்லை. வளைவுக்கு வளைவு கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டிக் குரல் கொடுத்துத்தான் போனார்.

ஐப்பசி மழை திரும்பி வந்தது. ஒரு நாள் அதே வளைவில் அப்பா எதிரே வர, கிளாக்கர் தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் ஒதுங்கப்பா," என்றிருக்கிறார். மழை அவர் தலையில் கொட்டியிருக்கிறது.

அப்பா விரித்த குடையோடு கிட்டே போய், "என்னங்கய்யா, ஹாரன் இல்லீங்களா?" என்று கேட்டாராம். பதில் வரும்வரை அங்கேயே நின்றாராம்.