பலகை இல்லாத படம்

குழிக்குள் வேலை செய்பவர்கள் அவளை அக்கா என்பார்கள். சங்கத்துக் கூட்ட அறையில் அவளுக்குப் பெயர் 'களப் பிரதிநிதி'. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும் அவளுக்கு.

கட்டடம் எழும்பப்போகும் இடத்தை முன்கூட்டியே தோண்டி, மண்ணுக்கடியில் பழங்காலத்து மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் தொழில். மண்டியிட்டே முழங்கால்கள் காய்த்துப் போனவள். அகழாய்வாளர் சங்கத்தின் செயற்குழுவில் மற்றவர்களெல்லாம் பேராசிரியர்கள், அருங்காட்சியக அதிகாரிகள், தோண்டும் நிறுவனங்களின் முதலாளிகள். அவளுக்குச் சம்பளம் கொடுப்பதும் சங்கத் தலைவரின் நிறுவனம்தான்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. குழியின் சுவரைத் தூக்குக்குண்டு பிடித்ததுபோல் செங்குத்தாகச் செதுக்குவார்கள். அப்போதுதான் மண்ணின் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். ஆழமான குழி என்றால் சரியாமலிருக்கப் பலகை வைத்து முட்டுக் கொடுப்பார்கள். படம் எடுக்கும்போது மட்டும் அவற்றைக் கழற்றிவிடுவார்கள். பலகை தெரிந்தால் படத்துக்கு அழகில்லையாம். யாரும் ஆணையிட்டதில்லை, கை தானாகவே செய்யும். சிறந்த படத்துக்குச் சங்கம் ஆண்டுதோறும் பரிசு தருகிறது. பரிசு வாங்கிய எந்தப் படத்திலும் பலகை இருந்ததில்லை. அவள் வீட்டுக் கூடத்திலும் அப்படியொரு படம் சட்டம் போட்டுத் தொங்கியது.

மழை விட்ட ஒரு காலையில், படமெடுப்பதற்காக, அவளோடு தோண்டும் கொக்கு பலகைகளைக் கழற்றினான். நீண்ட கால்களுக்காக அவனுக்கு வந்த பெயர் அது. சுவர் அப்படியே அவன்மேல் சரிந்தது. மண்ணை வாரியிறைத்து அவனை வெளியே இழுத்தவர்களில் அவளும் ஒருத்தி. இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. 'அவராகவே கழற்றினார், எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று தலைவரின் நிறுவனம் கைகழுவியது. வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. தோற்றால் அடுத்த அறுவை சிகிச்சைக்கு வழியில்லை.

"அக்கா, சங்கத்த ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொல்லு," என்றான் கொக்கு, மருத்துவமனைக் கட்டிலில். "இது என்னோட கிறுக்குத்தனம் இல்ல, எல்லாரும் செய்யறதுதான்னு. அது போதும் எனக்கு."

"சொல்ல வைக்கிறேன்டா."

"பாத்துக்கா. அங்க இருக்கற ஏசியில உன் நாக்கு உறைஞ்சிடப்போகுது."

கூட்டத்தில் அவள் சொல்லி முடித்ததும் தலைவர் கனிவாகச் சிரித்தார். "நாம தொழிலோட தரத்துக்காக இருக்கிற சங்கம்மா. தொழிற்சங்கம் இல்ல."

"எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்கன்னு நாமே சொன்னா, நம்ம மானம் என்னாகறது?" என்றார் ஒரு பேராசிரியர்.

பேசிப் பேசிக் கடைசியில் பாதிக்கு இறங்கி வந்தார்கள். படத்துக்காகப் பலகையைக் கழற்றுவது தவறு என்று தீர்மானம் போடலாம். எல்லோரும் கழற்றினார்கள் என்பது மட்டும் வேண்டாம். எதுவும் இல்லாததற்கு இதுவாவது கிடைக்கட்டும் என்று அவளும் கை தூக்கினாள். பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது.

"பிரதிநிதியம்மா ஜெயிச்சுட்டு வந்தாச்சா?" என்று கேட்டார் கணவர், கதவைத் திறந்தபடி.

"பாதி."

"பாதி பாலம் கட்டினா மறுகரைக்குப் போக முடியுமா?" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த விசாரணையில் நிறுவனத்தின் வக்கீல் அந்தத் தீர்மானத்தைத்தான் எடுத்து வாசித்தார். "பலகையைக் கழற்றுவது தவறு என்று சங்கமே சொல்கிறது. ஒருமனதான தீர்மானம். களப் பிரதிநிதியும் கை தூக்கியிருக்கிறார்."

வெளியே தாழ்வாரத்தில், சக்கர நாற்காலியிலிருந்து கொக்கு அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை. வழி கேட்பவனைப்போலக் கேட்டான்: "அக்கா, நீ யாருக்குப் பிரதிநிதி?"

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்தாள். குழியின் குரலை அறைக்குள் கொண்டுபோவதாக இத்தனை காலம் நம்பியிருந்தாள். அறையின் குரல்தான் அவள் வழியாகக் குழிக்குள் இறங்கியிருக்கிறது. செயற்குழுவில் அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்ததே அதற்குத்தானோ? கொடுத்தவர்கள் அப்படி நினைத்துக் கொடுத்திருக்கமாட்டார்கள். நல்லெண்ணத்தோடுதான் கொடுத்திருப்பார்கள். அதுதான் அவளை இன்னும் கலக்கியது.

வீட்டுக்குப் போனதும் கூடத்துச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றினாள். கணவர் அதைச் சுற்றிக்கொடுக்கப் பழைய துணி ஒன்றைத் தேடினார்.

மறு விசாரணையில் அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். தலைவர் முன்வரிசையில் இருந்தார்.

"சங்கத்து சார்பா வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் நீதிபதி.

"இல்லைங்க. சங்கத்துக்கு இது தெரியாது." படத்தை நீட்டினாள். "இதுக்கு சங்கம் பரிசு குடுத்துச்சு. இந்தக் குழியில பலகைய கழட்டினது நான்தான். அன்னைக்கு சுவர் விழல, அவ்வளவுதான். கழட்டினதுக்குத்தான் எனக்குக் கைதட்டினாங்க. அவன் செஞ்சதும் அதேதாங்க."

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நேராக நின்ற மண்சுவர், அடுக்கடுக்காக. "அழகா இருக்கே," என்றார், தன்னையறியாமல்.

தலைவர் குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொக்கு சிரிக்கப் பார்த்தான். இடுப்பு வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

தீர்ப்பைத் தள்ளிவைத்தார்கள். நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்ற செய்தி மட்டும், அவள் நீதிமன்றப் படியிறங்குவதற்குள் வந்து சேர்ந்துவிட்டது.