துரைக்கண்ணுவைக் கும்பிட்ட கடல் விளக்குகள்

துரைக்கண்ணு சொல்வதை யாரும் நம்புவதில்லை. சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அது பல் தேய்ப்பது மாதிரி அன்றாடப் பழக்கம். பாலாற்று வெள்ளத்தில் முதலை மேல் ஏறி அக்கரை போனேன் என்பார். வாலாஜாபாத் சந்தையில் ஒரு கலெக்டர் தன்னிடம் வழி கேட்டார், சொன்னதும் அழுதுவிட்டார் என்பார். ஏன் அழுதார் என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம், அதற்கு இன்னொரு கதை வரும்.

ஆனால் நல்ல நெசவாளி. அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். அவர் நெய்கிற சேலையில் ஊடு நூலை இழுத்துக்கொண்டு போகும் நாடாக் கட்டை உடம்புக்கு ஒன்று, கரைக்கு ஒன்று ஓடும். கரை நாடாவைப் போடுவது அவர் மனைவி காந்தா. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் அந்தச் சேலை நகராது. அதனால் கதை ஆரம்பித்தால் ஊரே எழுந்து போகலாம், காந்தா போக முடியாது. முதலைக் கதையை எத்தனை தரம் கேட்டாளோ, பாவம். எல்லாக் கதைக்கும் அவளிடம் ஒரே பதில்தான்: "சரி, நாடாவப் போடு."

இந்தப் பதில்தான் துரைக்கண்ணுவை அரித்தது. ஊர் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். என்னிடம் மட்டும், "காந்தா ஒரே ஒரு தரம் நான் சொல்றத நெசம்னு சொல்லிடணும்பா. அது போதும் எனக்கு" என்பார். அப்போது முகம் சுண்டிப்போகும். எனக்கே கஷ்டமாக இருக்கும்.

நிலாவில் மனுஷன் இறங்கியதற்கு மறு வருஷம், தை அமாவாசை. அமாவாசையன்று எங்களுக்குத் தறி கிடையாது. தெருவே ஒரு பஸ் பிடித்து மகாபலிபுரத்துக்குக் கடலாடப் போனோம். கிளம்புகிற அவசரத்தில் துரைக்கண்ணு தன் மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார். காதில் மாட்டும் கம்பி ஒரு பக்கம் கழன்றுகொண்டது. மற்ற ஊர்க்காரர்கள் என்றால் நூலால் கட்டுவார்கள். காந்தா தறிக்கடியில் கிடந்த சரிகை இழையை எடுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

சாயங்காலம் ஆனது. சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. கடலைப் பார்த்து நின்ற துரைக்கண்ணு திடீரென்று கத்தினார்.

"ஐயோ, அதப் பாருங்கப்பா! கடலுக்கு மேல வெளக்கு! தங்க வெளக்கு!" கை கூப்பிக் குனிந்தார். "நான் கும்புட்டா அதுவும் குனிஞ்சு கும்புடுதுப்பா!"

கோயிலில் குடை பிடிக்கும் கோதண்டபாணி கண்ணை இடுக்கிப் பார்த்து, "ஆமாம்பா, ஏழு" என்றார். அவர் ஏழு பார்த்த பிறகு ஒன்றுகூடப் பார்க்காமல் பஸ் ஏற யாருக்கு மனசு வரும்? ஆளுக்கு நாலு, அஞ்சு என்றார்கள். நான் மூன்று பார்த்தேன். மூன்றுதான், கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. காந்தா மட்டும் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியல. பஸ்ஸுக்கு நேரமாயிட்டுது" என்றாள்.

எதற்கும் இரண்டு கட்சி கட்டாவிட்டால் எங்கள் ஊருக்குச் சோறு இறங்காது. வரதராஜப் பெருமாளின் சக்கரம்தான் கடலாட வந்தது என்றார் கோதண்டபாணி. டீக்கடையில் எல்லோருக்கும் பேப்பர் படித்துக் காட்டும் தணிகாசலம், "ராக்கெட்டுபா. நெலாவுக்குப் போனவன் வழி தெரியாம நம்ம கடல்ல எறங்கிக்கினு இருக்கான்" என்றார்.

"ராக்கெட்டு எதுக்குபா துரைக்கண்ணுவ கும்புடணும்?"

"பெருமாளு சக்கரம் மட்டும் எதுக்குக் கும்புடணும்?"

சரிகை வியாபாரி அப்துல் சத்தார் பாய், "அரே, மீன் புடிக்கிற படகா இருக்கும்பா. லைட்டு வெச்சிக்கினு போறாங்க" என்றார். பஸ்ஸில் வராதவருக்கு என்ன பேச்சு என்று இரண்டு கட்சியும் சேர்ந்து அவர் வாயை அடைத்தன. சண்டை முற்றி, தணிகாசலம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் கோதண்டபாணி ரசத்தோடு எழுந்து போய்விட்டார்.

துரைக்கண்ணுவுக்கு இந்தச் சந்தடியில் ராஜ மரியாதை. முதலில் பார்த்தவர் ஆயிற்றே. டீக்கடை பெஞ்சில் அவருக்கென்று இடம் விட்டார்கள். வீட்டுக்குப் போனால் மட்டும், "சரி, நாடாவப் போடு."

மாசி அமாவாசைக்குக் காந்தாவின் அக்காவைப் பார்க்க ஓரிக்கை போனார்கள். சாயங்காலம் பாலாற்று மணலில் காந்தா முன்னால் நடக்க, இவர் பின்னால் நடந்தார். வெயில் முதுகில் அடித்தது.

"காந்தா! உன் தலைக்கு மேல வெளக்கு!"

காந்தா திரும்பி வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "இன்னாய்யா இது? நான் கட்டுன சரிகை பிரிஞ்சு உள்ளாற தொங்கிக்கினு இருக்குது!" பல்லால் கடித்துத் துப்பிவிட்டு மறுபடி மாட்டிவிட்டாள். விளக்கு ஒன்றையும் காணோம். துரைக்கண்ணு கும்பிட்டுப் பார்த்தார். பதிலுக்கு யாரும் கும்பிடவில்லை.

அவர் நின்ற நிலையைப் பார்த்துக் காந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இத அப்படியே ஊர்ல சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டாள்.

சக்கரமா, ராக்கெட்டா என்று தீர்ப்புச் சொல்ல அந்த வாரமே தெருவில் பந்தல் போட்டு மைக் கட்டினார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் துரைக்கண்ணு. எழுந்தார், தொண்டையைக் கனைத்தார்.

"சக்கரமும் இல்ல, ராக்கெட்டும் இல்லபா. என் கண்ணாடில சரிகை தொங்கிக்கினு இருந்துது. வெயில் பட்டு மின்னுச்சி. அவ்ளோதான்."

மைக் கொஞ்ச நேரம் உய்யென்றது. பிறகு பந்தல் கிழியும்படி சிரித்தார்கள்.

"கண்ணாடில சரிகையாம்! அப்ப நான் பாத்த ஏழு யார் கண்ணாடில தொங்குச்சி?" என்றார் கோதண்டபாணி.

"நல்லாக் கேளு. இதுக்கு முதலையே தேவலாம்பா!" என்றார் தணிகாசலம். பந்திச் சண்டைக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

துரைக்கண்ணு மைக்கைப் பிடித்தபடியே நின்றார். ஆயுசில் ஒரு தரம் உண்மையைச் சொன்ன மனுஷனுக்கு இந்தச் சிரிப்பா? அவர் கண் கலங்கிவிட்டது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து காந்தா எழுந்தாள்.

"இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க? எம் புருஷன் சொல்றது நெசம். சத்தியமா நெசம்!"

கூட்டம் அதையும் நம்பவில்லை. தறியில் கூடவே உட்கார்ந்து அவளுக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது என்றார்கள். துரைக்கண்ணு காதில் எதுவும் விழவில்லை. மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேட்டியாப்பா? நெசம்னு சொன்னா."

"கேட்டேன்."

"சத்தியமான்னு வேற சொன்னாப்பா."

"கேட்டேன்யா, சும்மா கெட" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பார்த்தது மூன்று விளக்கு. எனக்கு மூக்குக்கண்ணாடியே கிடையாது. என் வீட்டுக்காரி இன்றுவரை அதை நம்பவில்லை.