ரயில் தாமதமும் தலைச்சுற்றலும்

“காலை பத்தேகால், கிணற்றடி, குனிந்து நிமிர்ந்தபோது. பகல் இரண்டரை, அடுப்படி, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.” 1941 ஆடி மாதத்தில் என் நோட்டில் இப்படி ஒன்பது குறிப்புகள் இருக்கின்றன. என் மனைவிக்கு அப்போது நான்காம் மாதம். முந்தைய கர்ப்பம் அதே நான்காம் மாதத்தில் கலைந்திருந்தது. அதனால் அவளுக்குத் தலை சுற்றிய ஒவ்வொரு முறையும் நேரம், இடம், வெயில் எல்லாவற்றையும் கேட்டு எழுதிவைத்தேன்.

விடியற்காலையில் திண்டிவனத்தில் ரயிலேறி, விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் வேலை முடித்து, பகல் ஒன்றரைக்கு வீடு திரும்புவேன். வண்டி தாமதமானால் அதையும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறிப்பது என் பழக்கம்.

ஒருநாள் கிணற்றடியில் குடத்தோடு விழுந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். நர்சு அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் கொஞ்சம் குறைவு என்றார். பிறகு என் நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“சார், வண்டி எத்தினி நிமிஷம் லேட்டுன்னுகூட எழுதி வெச்சிக்கினு இருக்கீங்க. இவங்க எப்ப சாப்ட்டாங்கன்னு எங்க எழுதியிருக்கு?”

எங்கும் இல்லை. மனைவிதான் பதில் சொன்னாள்.

“காலைல எது குடிச்சாலும் வாந்திங்க. அப்புறம், அவரு வந்து சாப்பிடாம நான் எப்படி சாப்பிடறது?”

“உள்ள இருக்கிற புள்ளைக்கு டைம் டேபிள் பாத்துக்கினா பசிக்கும்?”

ஒன்பது குறிப்புகளில் ஆறு, வண்டி தாமதமான நாட்களில் எழுதியவை. எங்கள் வீட்டில் பெண்கள் ஆண்களுக்குப் பிறகுதான் சாப்பிடுவார்கள். அது எழுதவேண்டிய செய்தியாக எனக்குத் தோன்றவே இல்லை.

வாந்தி வந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேப்பைக் கூழ் குடிக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது, சுற்றினால் உடனே ஒருக்களித்துப் படுத்துவிட வேண்டும், முருங்கைக்கீரை சேர்க்க வேண்டும் என்றார் நர்சு. மயங்கி விழுந்தாலோ உதிரம் பட்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், எனக்கு முன்னால் சாப்பிட மட்டும் சம்மதிக்கவில்லை. கடைசியில் நானே பழையதைத் தூக்குச்சட்டியில் எடுத்துப்போய், பன்னிரண்டுக்கு ஷெட்டிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். நான் சாப்பிட்டுவிட்டதால் அவளும் வீட்டில் பன்னிரண்டுக்குச் சாப்பிடலாம் என்று ஏற்பாடு.

ஆவணியில் இரண்டே குறிப்புகள். அதன் பிறகு இல்லை. தை மாதம் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. அந்த மாதங்களில் அவள் பன்னிரண்டுக்குத்தான் சாப்பிட்டாளா என்பதற்கு அவள் சொன்னதைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் இல்லை.