டிரில்லுக்கு நெற்றி எங்கே?

இன்று எங்கள் தேயிலைப் பெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய அவசரமாக ஒரு துளை போடவேண்டும். மாடியில் கொழுந்து வாடிக் காத்திருக்கிறது.

தோட்டத்துப் பெரியதுரை வாங்கித் தந்த கரண்டு டிரில்லில், துளை போடும் பிட்டைக் கவ்வும் சக் அசையவே இல்லை.

"ஆயுத பூசைக்கு முந்தி நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் மெஷின் பார்க்கும் பிட்டர் மாரிமுத்து அண்ணன்.

சக்கில் சாவியைச் செருகி, இடப்பக்கமாகச் சுத்தியலால் ஓங்கித் தட்டினார். சக் முழுதாகக் கழன்றது. அதன் வாயை முகர்ந்து பார்த்தேன்.

"அண்ணே, சந்தனம் மணக்குதுங்க! காஞ்சு கல்லாட்டம் கெடக்கு."

"பூசையன்னிக்கு நாந்தான் அப்புனேன். சாமின்னா வாயில வைக்க வேணாமா?"

ஸ்டோரிலிருந்த புதுச் சக்கைத் திருகி மாட்டித் துளை போட்டார். ரோலர் ஓடியது.

உடனே புதுச் சக்குக்கும் அப்பச் சந்தனக் கிண்ணத்தைத் தேடுகிறார். டிரில்லுக்கு நெற்றி எது என்று தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.