அத்தை கேட்ட மேசை

எங்கள் வீட்டில் மேசை கிடையாது. தரையில் பாய் போட்டுத்தான் சாப்பாடு. என் சின்னத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், மேசை வேண்டும் என்று அவளே கேட்டாள். எனக்கு ஏழு வயது இருக்கும்.

மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. தூரத்துச் சொந்தம். அதனால் நிச்சயம் ஆகுமுன்னே பெண் வீட்டில் கை நனைக்கத் தடை இல்லை. சாரல் காலம். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தென்காசியில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு என்று ஏற்பாடு. குளிப்பது சாக்கு.

"அவுகளுக்குக் கீழ உக்காந்தா காலு மரத்துப் போவும்லா, அண்ணே" என்றாள் அத்தை, அப்பாவிடம்.

"இப்பவே அவுக காலுக்குக் கவலைப்படுதா பாருங்க" என்று அம்மா சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. "பிடிக்கலன்னா சொல்லிரு. அக்காளுக்குச் செஞ்ச மாதிரி ஒனக்குச் செய்ய மாட்டேன்" என்றார்.

அக்காள் என்றால் பெரியத்தை. அவள் வீட்டுக்காரர் பார்க்க லட்சணமானவர். சோற்றில் உப்புக் குறைந்தால் இலையை வாரி எறிவார். பெண் பார்க்க வந்த அன்று நல்லபடியாகத்தான் சாப்பிட்டுப் போனார்.

குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்கு என் மாமா காவல். அங்கே ஒதுக்கிப் போட்டிருந்த மேசையை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். ஒரு கால் குட்டை. ஒரு மரச் சில்லை அடியில் செருகி நேராக்கினார்.

அத்தை அலங்காரத்தில் இறங்கினாள். அப்பாவின் சலவை வேட்டி மேசை விரிப்பானது. நடுவில் செம்பு நிறையப் பூ. நான்கு ஓரமும் மாவிலைத் தோரணம்.

"ஏட்டி, இது மேசையா சப்பரமா? சாமிய எப்பத் தூக்குதீக?" என்றார் மாமா.

அவர்கள் வருகிற நேரம். அத்தை குனிந்து மேசை விரிப்பைத் தூக்கினாள். மேசைக்கு அடியில் இருந்த சில்லை உருவி என் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சுக்கோ. யார்ட்டயும் சொல்லாத."

அலங்காரத்துக்கு அசிங்கமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"அவுகள இங்கன உக்காரச் சொல்லுங்க, மைனி. காத்து வரும்" என்று அம்மாவிடம் குட்டைக் கால் பக்கத்தைக் காட்டினாள்.

சாம்பார் வரை ஒன்றும் ஆகவில்லை. ரசத்துக்கு அத்தை வந்தாள். அகப்பை நிறைய ஊற்றினாள். சோறு கரை உடைந்து, ரசம் இலையைத் தாண்டி, மாப்பிள்ளையின் மடியில் கொட்டியது. பட்டுக்கரை வேட்டி மஞ்சளாகிவிட்டது.

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அத்தை நகரவில்லை. மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே, சுட்டுட்டா?" என்றாள் அவர் அம்மா.

"இல்லம்மா, ஆறுன ரசந்தான்." வேட்டியை உதறிக்கொண்டு அத்தையைப் பார்த்தார். "நல்லாருக்கு. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க. இந்தத் தடவ இலையில."

மாமாதான் முதலில் சிரித்தார்.

அத்தை அடுப்படிக்குள் வந்தாள். "விருந்தாளிக்கு ஆறுன ரசத்தையாட்டி ஊத்துவ?" என்று அம்மா வைதாள். அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தச் சில்லு எங்க? போயி இருந்த எடத்துல வச்சிரு."

மேசை விரிப்புக்கு அடியில் நுழைந்தேன். மேசை கனம். சில்லு உள்ளே போக மறுத்தது. திடீரென்று மேசை லேசாக எழும்பியது. செருகினேன். விரிப்பை விலக்கி நிமிர்ந்து பார்த்தால், மாப்பிள்ளை இடது கையால் மேசையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். என்னைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார், அடுப்படி வாசலைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே மெதுவாக இறக்கி வைத்தார்.

ஆவணியில் கல்யாணம்.

அன்றைக்கு எனக்கு அத்தை மேல்தான் வருத்தம். பாயசமே வந்துவிட்டது, இனிமேல் மேசை நேராகி யாருக்கு என்ன பிரயோசனம் என்று நினைத்தேன்.