சுடாத துவக்கு

எங்கட வீட்டு பேஸ்மென்ட்டில ஒரு துவக்கு இருந்தது. இதை நான் ஆருக்குச் சொன்னாலும் முதல் சிரிக்கினம், பேந்து என்னை ஒரு மாதிரிப் பாக்கினம். கனடாவில, இந்த ஸ்காபரோவில எங்கட ஆக்கள் மீன் பிடிக்கப் போவினம், அப்பிள் பிடுங்கப் போவினம், கசினோவுக்கும் போவினம். மான் சுடப் போற ஆளை நான் என்ர வீட்டிலதான் கண்டன். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனுசன், இஞ்ச வந்து சோதினை எழுதி, லைசன்ஸ் எடுத்து, கடையில போய் ஒரு துவக்கை வாங்கிக்கொண்டு வந்து நிண்டார். அதுக்கு இப்ப பதினைஞ்சு வருசம். அண்டைக்கு நான் பேசின பேச்சில பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைச் சாத்தினவை.

அவர் பேர் கிருபன். வயது ஐம்பத்தாறு. ஒஷாவாவில காருக்குப் பாட்ஸ் செய்யிற ஒரு ஃபாக்டரியில இருபத்திமூண்டு வருசம் பிரெஸ் மெஷினில நிண்டவர். அதிகம் கதைக்கமாட்டார். கலியாண வீடுகளுக்குப் போனால் ஒரு ஓரமா நிண்டு, கண்டவைக்கெல்லாம் சிரிச்சுப்போட்டு, சாப்பிட்ட கையோட கார் எடுக்கப் போற ஆள். அவருக்கெண்டு வாய்ச்ச ஒரே ஒரு சிநேகிதன் மரியோ. பக்கத்து மெஷினில நிண்ட இத்தாலிக்காரன், இவரைவிடப் பத்து வயது மூப்பு. ரெண்டு பேற்ற இங்கிலீஸும் உடைஞ்ச இங்கிலீஸ். அதாலதானோ தெரியாது, நல்லா ஒத்துப்போச்சுது. அவன்தான் இவரைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

நவம்பர் முதல் கிழமை மான் சீசன் துவங்கும். எங்கட கந்தசஷ்டி விரதமும் அநேகமா அதை ஒட்டித்தான் வரும். நான் ஆறு நாளும் பாலும் பழமுமாக் கிடக்க, இவர் துவக்கைத் தூக்கிக்கொண்டு வடக்கால போவார். "விரத வீட்டில இறைச்சி இல்லையெண்டுதானே ஓடுறியள்" எண்டு கத்துவன். "முருகனும் ஒருக்கா வேடன் வேசம் போட்டவர்தானே" எண்டு சொல்லிப்போட்டுக் காரை எடுப்பார். விரதம் முடிய, கராஜுக்குள்ள அடுப்பு வைச்சு அந்த மானிறைச்சியை எங்கட தூள் போட்டுக் காய்ச்சுறதும் நான்தான். மரியோ வந்து இருந்து, மூக்கு வடிய வடிய, "குணா, பியூட்டிஃபுல்" எண்டு சொல்லிச் சொல்லித் திண்பான். குணவதி எண்டு முழுசாச் சொல்ல அவனுக்கு ஒருக்காலும் வரேல்லை.

இன்னொண்டு சொல்லவேணும். எங்கட வீட்டில அவர் 'துவக்கு' எண்டு சொல்லமாட்டார். ஊரில சண்டைக் காலத்தில அதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாயினம், 'சாமான்' எண்டுதான் சொல்லுறது. அந்தப் பழக்கம் இவருக்குப் போகேல்லை. முதல் வருசம் காட்டால வந்து, "குணா, நான் கீழ சாமான் கழுவப் போறன்" எண்டார். கடவுளே, மனுசனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு எண்டு நான் குசினியில கிடந்த சட்டி பானையெல்லாத்தையும் அள்ளிக்கொண்டு கீழ இறங்கினால், அங்க மேசையில நீட்டி நிமிர்ந்து கிடக்குது துவக்கு.

அந்தக் கழுவலுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. வந்த உடன தொடமாட்டார். குளிருக்குள்ள கிடந்த இரும்பு வீட்டுச் சூட்டுக்குள்ள வந்தால் வேர்க்குமாம், எங்கட மூக்குக்கண்ணாடி வேர்க்கிற மாதிரி. அதால உறைக்குள்ளேயே மூண்டு மணித்தியாலம் கிடக்கும். பேந்து மேசையில தமிழ்ப் பேப்பர் விரிப்பார். கடையில சும்மா தாற பேப்பர், பாதிக்கு மேல மரண அறிவித்தல். அந்தப் பக்கங்களைத் தனியா எடுத்து வைச்சுப்போட்டு, வீடு விக்கிற விளம்பரத்தைத்தான் விரிப்பார். செத்த ஆக்களின்ர முகத்தில எண்ணெய் ஊத்தக்கூடாதாம். உள்ளுக்குக் குண்டு இல்லையெண்டு ரெண்டு தரம் பாப்பார். போல்ட் எண்டு சொல்லுற இரும்புத் துண்டைக் கழட்டிப்போட்டு, பழைய பெனியனில வெட்டின துண்டைக் கம்பியில சுத்திக் குழாய்க்குள்ள விட்டு இழுப்பார். முதல் துண்டு கரியா வரும், அடுத்தது சாம்பல், அதுக்கடுத்தது வெள்ளை. வெள்ளை வந்தால் மெல்லிசா எண்ணெய் பூசி, இரும்பு அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுவார். குண்டுப் பெட்டிக்கு வேற இடம், வேற பூட்டு. அலுமாரிக்குத் திறப்பு ரெண்டு. ஒண்டு இவரின்ர சாவிக் கோர்வையில, மற்றது மரியோட்ட. எல்லாம் முடிச்சு மேல வந்து, சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி கேப்பார்.

போன வருசம் ஜூனில மரியோ செத்துப்போனான். தக்காளிக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டவன், அப்பிடியே விழுந்தான். ஆகஸ்டில ஃபாக்டரியில இவர் வேலை செய்த லைனை மூடிப்போட்டினம். இவர் செத்த வீட்டிலயும் அழேல்லை. வேலை போன அண்டும் வழமை போல லஞ்ச் பெட்டியைக் கழுவிக் கவிட்டு வைச்சார். நான் விசரி, அதைப் பெரிய தைரியம் எண்டு நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். செப்டெம்பரில நித்திரை போச்சுது. ஒக்டோபரில சாப்பாடு போச்சுது. வோட்டலூவில படிக்கிற மகள் அட்சயா போன் எடுத்தால், "அம்மாட்டக் குடுக்கிறன்" எண்டு போனை என்ர கையில தந்திட்டு எழும்பிப் போயிடுவார்.

நவம்பரில பிரவீனன் வந்தான். அதே ஃபாக்டரியில வேலை செய்தவன், அவனுக்கும் லைசன்ஸ் இருக்கு. "அண்ணை, வாங்கோ போவம், மரியோவும் அதைத்தான் விரும்பியிருப்பார்" எண்டு இழுத்துக்கொண்டு போனான். ஒரு கிழமைக்கெண்டு போனவர் ரெண்டாம் நாள் திரும்பி வந்திட்டார். சுடவே இல்லையாம். மான் வந்து முன்னால நிண்டதாம், இவர் பாத்துக்கொண்டு இருந்தாராம், அது தன்ர பாட்டில போட்டுதாம். பிரவீனன் வாசலில வைச்சு மெல்லமா, "அக்கா, அண்ணையைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" எண்டான்.

"என்னத்தையடா பாக்கிறது?" எண்டன்.

அவன் தன்ர சப்பாத்தைப் பாத்தபடியே போய்க் காரில ஏறினான்.

அண்டைக்கு அவர் மூண்டு மணித்தியாலம் பொறுக்கேல்லை. போட்ட கோட்டோட கீழ இறங்கி, உறையைத் திறந்து துடைக்கத் துவங்கினார். நான் படியில நிண்டு பாத்தன். குழாய்க்குள்ள விட்ட முதல் துண்டே வெள்ளையா வந்தது. சுடாத துவக்கில கரி எங்கால வரும்? அவர் இன்னொரு துண்டு வெட்டினார். அதுவும் வெள்ளை. இன்னொண்டு வெட்டினார். மேசையில விரிச்சிருந்தது மரண அறிவித்தல் பக்கம். எண்ணெய்ப் போத்தலை ஆரோ ஒரு அம்மாவின்ர முகத்துக்கு மேல வைச்சிருந்தார்.

"இஞ்சருங்கோ, சுடாததை ஏன் துடைக்கிறியள்?"

"நீர் சும்மா இரும்" எண்டார். திரும்பியும் பாக்கேல்லை.

அடுத்த நாளும் எடுத்தார், துடைச்சார், வைச்சுப் பூட்டினார். நான் குசினியில பால் காய்ச்சிக்கொண்டு நிண்டன். கீழ போனில கதைக்கிற சத்தம் கேட்டுது. "சாமான் இனி எனக்குத் தேவைப்படாது... ஓம்... இனித் தேவைப்படாது." அவ்வளவுதான் என்ர காதில விழுந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்துப்பட்டுது.

அந்த இடத்திலயே இறங்கிப்போய்க் கேட்டிருக்கவேணும். எனக்கு இப்ப நல்லாத் தெரியுது. ஆனால் எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு. கூடாததை வாயால சொல்லக்கூடாது, சொன்னால் அது நடந்திடும். கான்சரைக் கூட 'அந்த வருத்தம்' எண்டு சொல்லுற சனம் நாங்கள். நான் எப்பிடி என்ர மனுசனிட்டப் போய் அந்தச் சொல்லைச் சொல்லுறது? அதுவும் சஷ்டி விரதத்தில?

அவர் குளிக்கப் போன நேரம் பாத்து, கோர்வையில இருந்து அலுமாரித் திறப்பைக் கழட்டினன். மரியோட்ட இருந்த மற்றத் திறப்பு அவனோடயே போட்டுது. எங்க ஒளிக்கிறது? அரிசி வாளி, மா டின், என்ர சீலை அலுமாரி எல்லாம் அவருக்குத் தெரிஞ்ச இடம். பேந்துதான் மூளை வேலை செய்தது. சாமியறை! காட்டில இறைச்சி திண்டு வந்த மனுசன், சஷ்டி முடியுமட்டும் சாமியறைக்குள்ள கால் வைக்கமாட்டார். அது அவராப் போட்ட சட்டம், ஒரு வருசமும் மீறினதில்லை. முருகன்ர படத்துக்குப் பின்னால திறப்பைச் செருகிப்போட்டு, "அப்பனே, இனி நீ பாத்துக்கொள்" எண்டன்.

அண்டு பின்னேரமே தேடத் துவங்கிட்டார். மேசை லாச்சி, கோட்டுப் பொக்கற், காருக்குள்ள, சோபாவுக்குக் கீழ.

"என்ன தேடுறியள்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததை என்னத்துக்கு இவ்வளவு தேடுறியள்?"

அவர் கராஜுக்குள்ள தேடப் போனார். நானும் விட்டிட்டன். திருப்பிக் கேட்டால் சொல்லிப்போடுவாரோ எண்டு எனக்குப் பயம். அந்த மாதிரிப் பயத்தை நான் அதுக்கு முதல் அறிஞ்சதில்லை.

அடுத்த நாள் சூரன் போர். கோயிலுக்குப் போகாமல் விடுவம் எண்டுதான் இருந்தன். அவர்தான், "போட்டு வாரும், ஆறு நாள் விரதம் பிடிச்சுப்போட்டு இதுக்குப் போகாட்டி எப்பிடி?" எண்டு கலைச்சார். ஏன் என்னைக் கலைக்கிறார் எண்டு பயந்தன். ஆனாலும் திறப்பு முருகனிட்ட இருக்கு எண்ட துணிவில போனன். கோயில் கார் பார்க்கில, விறைக்கிற குளிருக்குள்ள, வின்டர் கோட்டுக்கு மேல சால்வையைக் கட்டிக்கொண்டு பெடியள் சூரனைத் தூக்கி ஆட்டுறாங்கள். எனக்கு ஒண்டும் மனதில ஏறேல்லை. சூரன்ர தலை விழமுதல் பஸ் எடுத்திட்டன்.

எங்கட வீட்டுக்கு முன்னால ஒரு கார் லைட் போட்டபடி நிண்டுது. ஆரின்ரயெண்டும் பாக்காமல் உள்ள ஓடினன். சாமியறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளுக்கு அவர். தலைக்குத் தோய்ஞ்சு, வேட்டி கட்டி, நெத்தி நிறைய விபூதி. முருகன்ர படம் நிலத்தில சாத்தி இருந்தது. கையில திறப்பு.

எனக்கு என்ன வந்ததெண்டு தெரியாது. சப்பாத்தும் கழட்டாமல் பாய்ஞ்சு அவற்ற கையைப் பிடிச்சன்.

"தாங்கோ அதை! விசரே உங்களுக்கு? என்னை விட்டிட்டுப் போகப் போறியளோ? பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லுவன்? தாங்கோ எண்டுறன்!" நெஞ்சிலயும் அடிச்சன், என்ர நெஞ்சில இல்லை, அவற்ற நெஞ்சில. ஆறு நாள் பட்டினி கிடந்த கைக்கு எங்கயிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ.

அவர் அடியை வாங்கிக்கொண்டு அசையாமல் நிண்டார். பேந்து சொன்னார்.

"எடுக்கிறதுக்கு இல்லை குணா, குடுக்கிறதுக்கு. பிரவீனன் வெளியில நிக்கிறான். நேற்றுப் போன் எடுத்தனான், உடன வந்து கொண்டுபோறன் எண்டவன். திறப்பைத்தான் காணேல்லை. வீடெல்லாம் தேடிப்போட்டன், இந்த அறை ஒண்டுதான் மிச்சம், அதுதான் தோய்ஞ்சுபோட்டு உள்ள வந்தனான்."

யன்னலால எட்டிப் பாத்தன். பிரவீனன்ர கார்தான்.

"அது வீட்டில இருக்க எனக்குப் பயமா இருக்கு" எண்டார். இருபத்தெட்டு வருசக் குடித்தனத்தில தனக்குப் பயம் எண்டு அந்த மனுசன் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் என்ன வேலை செய்திருக்கிறன் எண்டு அப்பதான் விளங்கிச்சுது. அவர் அதை வீட்டை விட்டு அனுப்பப் பாக்க, நான் முருகனையும் காவலுக்கு வைச்சு, அதை அவரோட சேத்து வீட்டுக்குள்ள பூட்டி வைச்சிருந்திருக்கிறன். ஐயோ, ரெண்டு பேரில ஒராள் வாயைத் திறந்திருக்கக்கூடாதோ!

பிரவீனன் உள்ள வந்தான். போல்ட்டை வேறயாக் கழட்டி, துவக்கை உறைக்குள்ள போட்டுப் பூட்டி, குண்டுப் பெட்டியையும் எடுத்தான். "இது என்னட்டயே இருக்கட்டும் அண்ணை, ஒரு அவசரமும் இல்லை" எண்டான். இவர் தலையாட்டினார். கார் போனாப் பிறகு வந்து பேஸ்மென்ட் படியில இருந்தார். நானும் பக்கத்தில இருந்தன். கீழ அலுமாரி வெறுமையாத் திறந்து கிடந்தது.

இனி என்னத்துக்குப் பூசி மெழுகுவான்? நேரவே கேட்டன்.

"சாக நினைச்சனியளோ?"

"ஓம்."

வீடு இடிஞ்சு விழேல்லை. முருகனும் கோவிக்கேல்லை. அவர் அழத் துவங்கினார். மரியோவுக்கு அழாததும், வேலைக்கு அழாததும், எனக்குத் தெரியாத என்னென்னத்துக்கோ அழாததும் எல்லாம் சேந்து வந்தது. நான் "அழாதேங்கோ" எண்டு சொல்லேல்லை. அழுது முடிய, முகத்தைக் கழுவச் சொல்லி, அந்த வேட்டியோடயே கோட்டைப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனன். அங்க ஒரு டொக்டர் பிள்ளை, சாப்பிட்டியளோ எண்டு கேக்கிற மாதிரி, நான் கேட்ட அதே கேள்வியைச் சாதாரணமாக் கேட்டுது. எனக்கு வெக்கமாப் போச்சுது. நான் ரெண்டு நாள் விழுங்கிக்கொண்டு திரிஞ்ச சொல்லு அது.

விடியத்தான் வீட்டுக்கு வந்தம். கையில மருந்து எழுதின துண்டு, அடுத்த கிழமைக்கு ஒரு அப்பொயின்மென்ட், எந்த நேரமும் எடுக்கலாம் எண்டு ஒரு போன் நம்பர். அண்டுதான் பாறணை, விரதம் முடிச்சுச் சாப்பிடுற நாள். சோத்தையும் பருப்பையும் ரெண்டு மரக்கறியையும் அவசர அவசரமாக் காய்ச்சி இறக்கினன். இவர் தானா வந்து இருந்தார். ஒக்டோபருக்குப் பிறகு அண்டுதான் ஒரு கோப்பை சோறு முழுசாச் சாப்பிட்டவர்.

இப்ப ஒரு வருசம். ஒவ்வொரு நாளும் விடியத் தேத்தண்ணி குடுக்கேக்க கேக்கிறனான், "அந்த யோசினை இண்டைக்கு இருக்கோ?" கனநாள் "இல்லை" எண்டுவார். சில நாள் "ஓம்" எண்டுவார். அண்டைக்கு நான் வேலை செய்யிற பேக்கரிக்கு லீவு சொல்லிப்போட்டு அவரோட நிப்பன், டொக்டருக்கும் போன் எடுப்பன். அட்சயாவுக்கும் எல்லாம் தெரியும். அவள் கிழமைக்கு ரெண்டு தரம் எடுத்து, "அப்பாட்டக் குடுங்கோ" எண்டுதான் முதல் கேப்பாள்.

போன கிழமை பிரவீனன் வந்தான், சீசன் துவங்கப் போகுதாம். "அண்ணை, இந்தமுறை வாறியளோ? சும்மா காட்டைப் பாத்திட்டு வருவம், உங்கட சாமானை எடுக்கத் தேவையில்லை" எண்டான். இவர் என்னைப் பாத்தார்.

"இல்லையடா தம்பி" எண்டார். "எனக்கு இஞ்ச சாமான் கழுவ இருக்கு."

எழும்பிக் குசினிக்குள்ள போய், பைப்பைத் திறந்து, காலமை நான் போட்டுவைச்ச சட்டியையும் கோப்பையையும் ஒண்டொண்டாக் கழுவினார்.